டி.பி. வார்டு ஊழியருக்கு வாடகைக்கு வீடு இல்லையா?

2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமனின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடிகள் நொறுங்கின. நாடே கொதித்தது, தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத (எம்.டி.ஆர்.) காசநோய்க்குச் சிகிச்சை தரும் செவிலியர், ஆய்வக நுட்புனர், வீடு தேடிப் போகும் களப்பணியாளர் ஆகியோர் மீது விழும் ஒதுக்கலோ சத்தமில்லாதது. எங்கே வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் வாடகைப் பேச்சு நின்றுவிடும். விசேஷ வீட்டில் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். டி.பி. பிரிவுக்கு மாற்றல் என்றால் தண்டனை என்று மருத்துவத் துறைக்குள்ளேயே பேசுகிறவர்கள் உண்டு. இதற்கு எந்தச் சட்டமும் ஓடி வருவதில்லை.

இந்தப் பயம் ஆள் மாறிப் பாய்கிறது என்பதே என் வாதம். திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். தீபத் திருவிழாவில் ஊரே கொள்ளாது. காற்றோட்டமான பாதையில் நடப்பதால் காசநோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. ஜன்னல் சாத்திய லாட்ஜ் அறையில், நெரிசலான பஸ்ஸில், வாரக்கணக்காக இருமியும் சளிப் பரிசோதனைக்குப் போகாதவர் அருகில் நெடுநேரம் இருப்பதுதான் ஆபத்து. அவரை யாரும் ஒதுக்குவதில்லை. அவருக்கு நோய் இருப்பது அவருக்கே தெரியாது. நோய் உறுதியாகி மருந்து சாப்பிடுபவரை முகக்கவசம் அணிந்து கவனிக்கும் ஊழியரைப் பார்த்துத்தான் ஊர் விலகுகிறது.

'மருந்தே கேட்காத கிருமியாயிற்றே, பயப்படாமல் எப்படி?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, ஏழைக் குடும்பங்களின் நெருக்கடியான வீடுகளிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்துக்கு (காசநோய் மருத்துவமனைக்கு) போனவர்களின் குடும்பத்தைவிட வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்துக்கு நோய் அதிகம் தொற்றவில்லை. உலகம் சானடோரியங்களை மூடியதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. அது சாதாரணக் காசநோய்க்குத்தானே என்றால், 2014-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு இருக்கிறது. எம்.டி.ஆர். நோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிகளின் கூண்டுகளுக்குச் செலுத்தினார்கள். சரியான மருந்து தொடங்கியவர்களிடமிருந்து ஏறக்குறையத் தொற்றவே இல்லை. கொடுத்த மருந்து வேலை செய்யாத, இன்னும் கடுமையான வகை நோயாளிகளிடமிருந்துதான் பரவியது. கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சீக்கிரம் கண்டுபிடிப்பதே பாதுகாப்பு. அதைக் கண்டுபிடிப்பவர்கள் நாம் ஒதுக்கும் இந்த ஊழியர்கள்தான்.

ஊழியர்களுக்கே காசநோய் வருகிறதே என்பது அடுத்த கேள்வி. வருகிறது, மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்களைவிட மருத்துவப் பணியாளர்களுக்கு ஆபத்து அதிகம். என்-95 முகக்கவசம், எதிரெதிர் ஜன்னல்கள் திறந்த வார்டு, ஆண்டுதோறும் பரிசோதனை ஆகியவை அதற்கான பதில். ஒதுக்கிவைப்பது நேர்மாறான வேலையைச் செய்யும்: தனக்கு இருமல் வந்தாலும் ஊழியர் வெளியே சொல்லமாட்டார்.

நோயாளியின் கதையும் இதோடு பிணைந்தது. களப்பணியாளரின் வண்டி வாசலில் நின்றால் அந்த வீட்டுக்கு முத்திரை விழுந்துவிடும். அதனால் 'வீட்டுக்கு வராதீங்க, டீக்கடைகிட்ட நில்லுங்க' என்கிறார் நோயாளி. சிலர் முகவரியையே மாற்றிச் சொல்கிறார்கள். மூடி போட்ட சிறு சளி டப்பா தெருமுனையில் கைமாறுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பு 18 மாதத்துக்கும் மேல் நீண்ட சிகிச்சை, அதில் முதல் சில மாதங்கள் தினசரி ஊசி. அந்த ஊசியால் காது கேளாமல் போனவர்கள் உண்டு. இப்போது பெடாகுயிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகள் கொண்ட ஆறு மாதச் சிகிச்சைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2024-இல் ஒப்புதல் தந்திருக்கிறது. ஆனால் இதயத் துடிப்பை அவ்வப்போது இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். நரம்பு பாதிப்பு, ரத்தசோகை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வாசலைத் தாண்ட முடியாத ஊழியரால் இதையெல்லாம் எப்படிச் செய்ய முடியும்? பாதியில் நின்ற மாத்திரையில்தான் அடுத்த மருந்துக்கும் அடங்காத கிருமி உருவாகிறது.

களப்பணியாளர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். அவர்களுக்குப் பணிப் பாதுகாப்பும், நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பும் அரசு தர வேண்டும். திருவண்ணாமலை வீட்டு உரிமையாளர்களே, டி.பி. வார்டில் வேலை என்று சொல்லி ஒருவர் வீடு கேட்டு வந்தால் தயங்காமல் சாவியைக் கொடுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.