காணாத காசும் கண்ட மனிதரும்

சங்க காலத்தில் பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்தவர்களுக்கு வண்ணக்கர் என்று பெயர். பிற்காலத்தில் கடைவீதியில் அதே தொழிலைச் செய்தவர்களை நோட்டக்காரர் என்றனர். கல்லில் உரைத்தும், தட்டி ஓசை கேட்டும், நிறுத்துப் பார்த்தும் அவர்கள் சொன்ன சொல்லை வாங்குபவரும் விற்பவரும் ஏற்றுக்கொண்டனர். நம் மொழியில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசு நல்லதா என்பது ஒரு வினா. அதைக் கொடுப்பவர் நல்லவரா என்பது வேறொரு வினா. ஆயினும் ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் விடையாகக் கொள்வது மக்கள் இயல்பு. கிரிப்டோ நாணயத்தை நேருக்கு நேர் சந்தித்து வாங்கி விற்கும் வியாபாரத்தில் பலர் பொருளை இழப்பதற்கு இந்த இயல்பே காரணமாகிறது.

இந்த நாணயம் எத்தகையது என்பதை முதலில் சுருக்கமாகக் காண்போம். பிட்காயின் 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் சடோஷி நகமோட்டோ என்னும் புனைபெயர் பூண்டவர். அதற்கு உலோகமும் இல்லை, காகிதமும் இல்லை. உலகெங்கும் உள்ள பல கணிப்பொறிகளில் ஒரே மாதிரியாக எழுதப்பட்டு வரும் பொதுப் பேரேடு ஒன்று உண்டு. ‘இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு இவ்வளவு சென்றது’ என்று அப்பேரேட்டில் ஏறும் பற்றுவரவே அந்த நாணயம். முகவரிக்கு உரிய இரகசியத் திறவுகோல் எவரிடம் இருக்கிறதோ அவரே நாணயத்தை ஆள்பவர். கைப்பேசியில் வாலட் என்று நாம் வழங்கும் செயலி அத்திறவுகோலைக் காக்கிறது. 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக அதை எழுதிவைத்துக்கொள்வதும் உண்டு. பிட்காயினைப் போலவே, ஓர் அமெரிக்க டாலருக்கு ஒன்று என்னும் மதிப்பில் வழங்கும் டெதர் என்பதும் இன்று கைமாறுகிறது.

இதை வாங்குவதும் விற்பதும் சட்டத்துக்கு ஒத்ததா என்று ஐயுறுவோர் உளர். பாங்குகள் இவ்வியாபாரத்துக்குத் துணை செய்யலாகாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கு ஆணையிட்டது. 2020 மார்ச் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை ரத்துச் செய்தது. 2022-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதன் வருவாய்க்கு வரி விதித்தது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் உடைமையாகக் கொள்ளத்தக்க சொத்தே என்று ஒரு வழக்கில் கூறியது. ஆகவே இதை வைத்திருப்பதோ மாற்றுவதோ தன்னளவில் குற்றமன்று. ஆனால் சட்டப்படி செல்லும் பணமும் இது அன்று. இழந்தால் ஈடு செய்யும் பொறுப்பு ரிசர்வ் பாங்குக்கு இல்லை.

இணையத்தில் சந்தைகள் பல இருக்க, நேரில் சந்தித்து மாற்றிக்கொள்வானேன்? சந்தையிடம் ஒப்படைத்தது பறிபோகுமோ என்னும் அச்சம் ஒரு காரணம். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்னும் இந்தியச் சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவுபோயின. விரைவும், சற்று நல்ல விலையும், கையில் ரொக்கமும் கிடைப்பது வேறு சில காரணங்கள். 2012-இல் பின்லாந்தில் தோன்றிய லோக்கல்பிட்காயின்ஸ் என்னும் நிறுவனம் ஒரே ஊரில் உள்ள வாங்குவோரையும் விற்போரையும் சேர்த்துவைத்தது. பணம் சேரும் வரையில் நாணயத்தைத் தானே பிடித்துவைக்கும் நடுவர் வேலையையும் செய்தது. 2019-இல் அது ரொக்கச் சந்திப்பு முறையைக் கைவிட்டது. 2023-இல் அந்நிறுவனமே மூடப்பட்டது. இன்று வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் சந்திப்பவர்களுக்கு நடுவர் என்று எவரும் இல்லை.

நடுவர் இல்லாத அந்த இடத்தில், அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு மொழி வந்து நடுவராக அமர்ந்துவிடுகிறது. தில்லியிலோ புனேயிலோ முன்பின் அறியாத ஒருவர், “தமிழா? எந்த ஊர்ப் பக்கம்?” என்று கேட்ட மாத்திரத்தில் பாதி நம்பிக்கை பிறந்துவிடுகிறது. வாடகைக்கு வீடு தேடவும், பிள்ளைகளுக்குப் பள்ளி பார்க்கவும் நமக்குக் கைகொடுத்த நம்பிக்கை அது. அதைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் இவ்வியாபாரத்தில் அது போதாது. ஏமாற்றுபவனும் தமிழ் பேசக் கூடும். அதனினும் முக்கியமாக, எதிரே இருப்பவர் உண்மையிலேயே நல்லவராக இருந்தும், அவர் கைக்கு வந்த பணம் கெட்ட பணமாக இருக்கக் கூடும்.

இம்மாற்றில் இரு தரப்பாரின் நிலையும் ஒன்றன்று என்பதை மனத்தில் இருத்த வேண்டும். நாணயம் ஒரு முகவரிக்குச் சென்று பேரேட்டில் உறுதிப்பட்ட பின் அதைத் திருப்பித் தருமாறு ஆணையிட எந்தப் பாங்காலும் இயலாது. ரூபாயோ அப்படிப்பட்டதன்று. ரொக்கமாக வந்தால் கள்ள நோட்டு கலந்திருக்கலாம். பாங்கு வழியாக வந்தால் பின்னொரு நாள் முடக்கப்படலாம். விற்பவர் கொடுப்பது மீளாதது, பெறுவது நிலையாதது. ஆகவே விற்பவர்க்கு எச்சரிக்கை மிகுதியும் தேவை.

விற்பவர் ரொக்கம் பெறுவதானால், நோட்டுகளை எண்ணுவதற்குச் சிறந்த இடம் அவருடைய பாங்குக் கிளையே. அங்கேயே கணக்கில் கட்டி, பாங்கின் இயந்திரம் நோட்டுகளை ஏற்ற பின்னர் நாணயத்தை அனுப்பலாம். கையால் பார்ப்பதானால், 500 ரூபாய் நோட்டைச் சாய்த்துப் பார்க்கும்போது அதன் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் காந்தியடிகளின் நீர்க்குறி தெரிய வேண்டும். இரு ஓரங்களிலும் ஐந்து சாய்வுக் கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பாங்கில் கள்ள நோட்டு என்று கண்டால் அதைப் பறிமுதல் செய்வார்கள். மாற்று நோட்டு தரமாட்டார்கள். ஒரே முறையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கள்ள நோட்டுகள் வந்தால் செய்தி போலீசாருக்குச் செல்லும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடுத்துள்ளது என்பதையும் மறக்கலாகாது. மீறினால் பெற்ற தொகையின் அளவுக்கே அபராதம் விதிக்கப்படலாம்.

யூபிஐ வழியாகவோ பாங்கு வழியாகவோ பணம் பெறுவதானால், வாங்குபவர் தம் கைப்பேசியில் காட்டும் படத்தை நம்பலாகாது. பணம் சென்றது போலவே காட்டும் போலிச் செயலிகள் உள்ளன. பாங்கிலிருந்து வருவது போன்ற போலிக் குறுஞ்செய்திகளும் உள்ளன. நம் கணக்கை நாமே திறந்து இருப்புத் தொகையைப் பார்ப்பதே சான்று. பணம் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்பவர் நம் பணத்தை எடுக்க முயல்கிறார் என்றே பொருள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வரக்கூடிய இடர் ஒன்று உண்டு. புனேயில் வேலை பார்க்கும் ஒரு தமிழர் 40,000 ரூபாய்க்கு டெதர் விற்றார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் நேரில் வந்தார், இனிமையாகப் பேசினார். பணமும் அந்தக் கணமே கணக்கில் ஏறியது. ஆனால் அப்பணம் வேறொரு மாநிலத்தில் ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம். முதியவர் 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணில் முறையிடுகிறார். போலீசார் பணம் சென்ற வழியைக் கணக்குக்குக் கணக்காகத் தொடர்ந்து வருகின்றனர். ஒரு நாள் நம் தமிழரின் கணக்கில் அத்தொகை நிறுத்திவைக்கப்படுகிறது; சில வேளைகளில் கணக்கு முழுவதுமே முடங்குகிறது. சம்பளம் வந்து விழுவதும், ஊரில் உள்ள பெற்றோருக்குப் பணம் செல்வதும் அதே கணக்கிலிருந்துதான். காரணம் கேட்டால், தாம் கண்டறியாத ஒரு மாநிலத்தின் காவல் நிலையத்தைப் பாங்கு சுட்டிக்காட்டும். தெரியாத ஊருக்கு, தெரியாத மொழியில் விளக்கம் எழுத வேண்டிய நிலை அவருக்கு நேர்கிறது.

இதைத் தவிர்க்க நாம் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில. பணம் அனுப்பும் கணக்கின் பெயரும் எதிரே உள்ளவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். “என் நண்பர் கணக்கிலிருந்து வரும், என் கடைக் கணக்கிலிருந்து வரும்” என்றால் மாற்றை அங்கேயே நிறுத்திவிடலாம். அப்படியும் வேறொருவர் பெயரில் பணம் வந்துவிட்டால் நாணயத்தை விடாமல், பாங்குக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சொந்தமாகத் திருப்பி அனுப்புவதும் தகாது. சந்தை விலைக்கு மேல் தாராளமாகத் தருகிறேன் என்பவரிடம் தனி எச்சரிக்கை வேண்டும். களவுப் பணத்தை விரைவில் உருமாற்ற விரும்புபவனுக்கு விலை ஒரு பொருட்டன்று. இவ்வியாபாரத்துக்குச் சம்பளம் வரும் கணக்கைப் பயன்படுத்தாமல் வேறொரு கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. நடந்த பேச்சு, அடையாள அட்டையின் படி, பேரேட்டில் ஏறிய பரிமாற்ற எண், கையொப்பமிட்ட ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருந்தால், விளக்கம் கேட்கப்படும் நாளில் அவையே நமக்காகப் பேசும்.

வாங்குபவரின் எச்சரிக்கை வேறு வகையானது. நாணயம் தம் வாலட்டுக்கு வந்ததா என்பதை விற்பவரின் திரையில் பார்க்காமல், பொதுப் பேரேட்டைக் காட்டும் இணையதளத்தில் தாமே பார்க்க வேண்டும். பிட்காயினில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் பேரேட்டில் சேர்கிறது. அப்பக்கத்தில் நம் பரிமாற்றம் ஏறும் முன் அதை அனுப்பியவரே மாற்றிவிட வழி உண்டு. சிறு தொகைக்கு ஒரு பக்கமாவது ஏறும் வரையிலும், பெருந்தொகைக்கு ஆறு பக்கங்கள், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரையிலும் காத்திருத்தல் மரபு. டெதர் பல வலையமைப்புகளில் வழங்குகிறது. டிரான் வலையமைப்பின் முகவரி ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும். எத்திரியத்தின் முகவரி சுழியிலும் ‘எக்ஸ்’ எழுத்திலும் தொடங்கும். எந்த வலையமைப்பு என்பதை முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். டெதர் என்ற பெயரைத் தாங்கிய பயனற்ற போலி நாணயங்களும் உண்டாதலால், அதை வெளியிட்ட நிறுவனம் அறிவித்துள்ள ஒப்பந்த முகவரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முறை. முதலில் மிகச் சிறிய தொகை ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு முழுத் தொகைக்குச் செல்வது இரு தரப்பாருக்கும் நலம்.

சந்திக்கும் இடம் பாங்குக் கிளையாகவோ, கண்காணிப்புக் காமிராவும் ஆள் நடமாட்டமும் உள்ள பொது இடமாகவோ இருக்கட்டும். நேரம் பகலாக இருக்கட்டும். கடைசி நேரத்தில் “என் அறைக்கு வாருங்கள், காரில் அமர்ந்து பேசலாம்” என்று இடத்தை மாற்றினால் திரும்பிவிடுவதே அறிவு. நம்பத்தக்க ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். முழுச் சேமிப்பும் உள்ள வாலட்டைக் கொண்டு செல்லாமல், அன்றைக்கு மாற்ற வேண்டிய அளவை மட்டும் வேறொரு வாலட்டில் வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் மொத்தம் எவ்வளவு உண்டு என்பதை எவருக்கும் சொல்லலாகாது. 2018-இல் சூரத் நகரத்துக் கட்டுமானத் தொழிலதிபர் ஒருவர் பிட்காயினுக்காகவே கடத்தப்பட்டார். அவ்வழக்கில் 2025 ஆகஸ்டில் அகமதாபாத் தனி நீதிமன்றம் 14 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களுள் போலீஸ்காரர்களும் இருந்தனர். திறவுகோல் கையில் இருப்பவரிடமே செல்வம் இருப்பதால், அந்த மனிதரே கொள்ளையின் இலக்காகிறார்.

நேரில் மாற்றினால் வரி இல்லை என்பது தவறான எண்ணம். இலாபத்தில் நூற்றுக்கு 30 வீதம் வரியும், அவ்வரியின் மேல் நூற்றுக்கு 4 வீதம் கூடுதல் தீர்வையும் உண்டு. 80,000 ரூபாய்க்கு வாங்கியதை 1,00,000 ரூபாய்க்கு விற்றால் இலாபம் 20,000, வரி 6,000, தீர்வை 240, ஆக 6,240 ரூபாய். ஒரு நாணயத்தில் கண்ட நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்க இயலாது. சந்தையின் துணையின்றி நேரில் வாங்கும்போது, விலையில் நூற்றுக்கு 1 வீதம் பிடித்து விற்பவரின் பெயரில் அரசாங்கத்துக்குக் கட்டுவது வாங்குபவரின் கடமை. மாதச் சம்பளக்காரர் போன்றோருக்கு ஆண்டில் 50,000 ரூபாய் வரையிலும், ஏனையோருக்கு 10,000 ரூபாய் வரையிலும் இதிலிருந்து விலக்கு உண்டு.

வேலை தேடி வந்துள்ள நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். “உங்கள் கணக்கில் பணம் வரும், டெதராக வாங்கி அனுப்பினால் கமிஷன்” என்று யாரேனும் வேலை தந்தால் ஏற்கலாகாது. பிறர் பொருட்டு இதைத் தொழிலாக நடத்துவோர் 2023 மார்ச் முதல் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றனர். நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். அத்தகைய வேலையில் கமிஷன் சிறிது. குற்றச்சாட்டு முழுவதும் கணக்குக்கு உரியவர் தலையில் விழும்.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் நாணி மறைக்காமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுப்பதற்கு அந்த முதல் சில மணி நேரங்களே பயன்படும். பரிமாற்ற எண்ணும் முகவரியும் கையில் இருந்தால் முறையீடு வலுப்பெறும்.

எதிரே இருப்பவரிடம் அடையாளம் கேட்பதும், ரசீதில் கையொப்பம் கேட்பதும், பணத்தைச் சோதிப்பதும் அவரை அவமதிப்பதாகுமோ என்று நம்மவர் தயங்குவதுண்டு; நம் ஊர்க்காரர் என்றால் அத்தயக்கம் இரட்டிப்பாகிறது. நாணயமுள்ளவர் இவற்றுக்கு வருந்தமாட்டார். தாமும் நம்மிடம் அவற்றைக் கேட்பார். வருந்தி எழுந்து போகிறவரைப் போகவிடுவதால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.