கல்லாமொழியில் ஒதுங்கியது திமிங்கிலமா?

கருப்பட்டி வாங்க உடன்குடிக்குப் போகிறவர்கள் இன்னும் சில கிலோமீட்டர் கிழக்கே போனால் கடல் வந்துவிடும். கல்லாமொழி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு. 2016 ஜனவரியில் அந்தக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட கரிய உருவங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துக் கடலில் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேல் செத்தன. 1973 ஜனவரியிலும் இதே தூத்துக்குடிக் கடலோரத்தில் 147 ஒதுங்கியிருந்தன.

பத்திரிகைகள் திமிங்கிலம் என்றே எழுதின. ஆங்கிலப் பெயரிலும் திமிங்கிலம் உண்டு: பைலட் திமிங்கிலம். ஆனால் அது டால்பின் குடும்பத்துப் பிராணி. நம் மீனவர்கள் ஓங்கில் என்கிறார்களே, அந்த வகை. கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி. கரையில் ஒன்று கிடக்க, மற்றது கடலுக்குப் போக மனமில்லாமல் திரும்பியதற்கு அதுவே காரணம் என்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் ஓங்கிலின் உறவு ஒன்றும் உண்டு. கடற்பன்றி. ஆங்கிலத்தில் பார்ப்பஸ், அந்தச் சொல்லின் லத்தீன் வேரும் ‘பன்றிமீன்’தான். மீன் என்பது மட்டும் தப்பு. இரண்டுமே நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டிக்குப் பால் கொடுப்பவை.

எப்படிப் பிரித்தறிவது? நீண்ட மூக்கு இருந்தால் டால்பின், மழுங்கிய முகம் என்றால் கடற்பன்றி என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். கல்லாமொழியில் அந்த விதி செல்லாது: பைலட்டுக்கும் மூக்கு நீளம் கிடையாது, பானை போன்ற நெற்றிதான். முதுகைப் பார்க்கலாம். நம் கடற்பன்றிக்கு முதுகுத் துடுப்பே இல்லை. சொரசொரப்பான ஒரு வரம்பு மட்டும் ஓடும். ஆள் நீளம்கூட அநேகமாக இராது. பைலட் ஆண் ஆறேழு மீட்டர் வளரும்.

காதும் உதவும். டால்பின்களில் பெரும்பாலானவை விசிலடித்துப் பேசும். கடற்பன்றி விசிலடிக்காது, அதன் சொடுக்கொலி நம் செவிக்கு எட்டாத உச்சத்தில், ஏறத்தாழ 1,20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். கூட்டமும் சேர்க்காது, படகைக் கண்டால் விலகும்.

கடைசித் தீர்ப்பு பல்லில். டால்பினுக்கு ஆணிபோல் கூம்புப் பல். கடற்பன்றிக்கு மண்வெட்டி போல் தட்டைப் பல். செத்து ஒதுங்கியதைக் கண்டால் தள்ளி நின்று பாருங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.