நாற்பதுக்குமேல் பொது நிர்வாகப் படிப்பு

மாட்டுங்கா ரயில்வே பணிமனையிலிருந்து தாராவி நடக்கிற தூரம்தான். தண்டவாளத்தை ஒட்டிய நிலம் ரயில்வேக்கு. சற்றுத் தள்ளினால் மாநில அரசு, மாநகராட்சி. நடுவிலுள்ள ஒரு சாக்கடையைத் தூர் வார கோப்பு எத்தனை மேஜை ஏறி இறங்கும் என்பதை டிப்ளமா படிப்பில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதற்கென்றே படிப்பு இருக்கிறது. 1954-இல் டெல்லியில் தொடங்கிய இந்தியப் பொது நிர்வாக நிறுவனம், பாதிப் பணிக்காலம் கடந்த அதிகாரிகளுக்கு 10 மாதப் பயிற்சி நடத்துகிறது. ஆனால் அரசே அனுப்பி வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு 1985-இல் பிறந்த இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ஏதாவதொரு பட்டம் இருந்தால் போதும், வேலையை விடாமல் பொது நிர்வாகத்தில் எம்.ஏ. படிக்கலாம், குறைந்தது 2 வருடம்.

டிப்ளமாக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். அமெரிக்காவின் ஹார்வர்டில் ஓராண்டுப் படிப்புக்கு 7 வருட அனுபவத்தைத் தகுதியாகவே கேட்கிறார்கள். இங்கோ 20 வருடம் வேலை பார்த்தவரும் முதலில் பி.ஏ. முடிக்க வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

என்னிடம் வேலை பார்த்த செம்பூர் அன்பர் ஒருவர் 42 வயதில் பி.ஏ.வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். தடங்கலில்லாமல் போனால் எம்.ஏ. முடிக்கும்போது 47. ஓய்வு பெற அப்போதும் 13 வருடம் இருக்கும்.