இலவசமும் ஊழியமும்

பாடாலூர்ப் பக்கம் அம்பேத்கர் படம் வரையும் பிள்ளை எவரையும் கேளுங்கள். "படத்தைக் கொடு தம்பி, நோட்டீசில் போட்டுக்கிறோம்" என்பார்கள். கொடுக்கலாமா?

சேரியின் கலை காசில்லாமல் போவது புதிதல்ல. சாவுக்குப் பறையடிப்பது ஊர்க் கட்டாயமாக இருந்தது. அடிக்க மாட்டோம் என்ற மறுப்பே போராட்டமானது. மனமுவந்து தருவது வேறு, ஊர் வாங்கிக்கொள்வது வேறு.

சட்டம் இங்கே விசித்திரமானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். தோழமைக்காகச் சும்மா வரைந்து கொடுத்தால் உரிமை ஓவியரிடமே நிற்கும்! ஆகவே கூலி வாங்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். உரிமையை விற்றாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது.

அந்தப் பெயர் சின்ன விஷயமல்ல. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதி, தீயுடன் பாடியவர் அறிவு. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார்; பிறகுதான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது.

படிப்பகச் சுவருக்கும் ஆணவக்கொலைக் கண்டனச் சுவரொட்டிக்கும் இலவசமாகவே கொடுங்கள். ஆனால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த வேலைக்கு, எத்தனை நாளைக்கு, பெயர் எங்கே வரும். பனியனில் அச்சடித்து விற்பவரிடம் காசு கேளுங்கள், அவர் நம்மவராகவே இருந்தாலும்.