விவாகரத்து... வியாதியா? வைத்தியமா?

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். ஒரு தாயும் மகளும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். மகளுக்கு இருபத்தொன்பது வயது. மூன்று மாதமாக வயிற்றெரிச்சல். ராத்திரி இரண்டு மணியானாலும் தூக்கம் இல்லை. எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்த்தாயிற்று. புண் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். மருந்து எழுதி, வாங்கி வரச் சொல்லி மகளை வெளியே அனுப்பினேன். அவள் அந்தப் பக்கம் போனதும் தாயார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரய்யா, இவளுக்கு வேற இடம் பார்த்திருக்கோம். நல்ல இடம். ஆனா சரின்னு சொல்ல மாட்டேங்கிறா. மனசு மாற ஏதாச்சும் மருந்து இருக்கா?"

சித்த வைத்தியன் என்றால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மனதை மாற்றும் மருந்து எந்த ஏட்டிலும் இல்லை என்று சொல்லிவிட்டு, "முதல் கல்யாணம் என்னாச்சும்மா?" என்று கேட்டேன்.

"அதான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சே! ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உட்கார்ந்து, இருபது ரூபா ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு."

மகள் திரும்பி வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே கேட்டாள். "டாக்டர், அந்தப் பேப்பர் செல்லுமா?"

அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செல்லாது, வாசகர்களே! இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்த கல்யாணத்தை முறிக்கிற அதிகாரம் கோர்ட்டுக்குத்தான் உண்டு. சில சமூகங்களில் தொன்றுதொட்டு வருகிற 'தீர்த்துவிடும்' வழக்கத்தைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் இருக்கிறது என்று ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். மற்றபடி ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி முத்திரை, ஊர்ப் பஞ்சாயத்து எதுவும் விவாகரத்து ஆகாது. கோயில் கல்யாணமானாலும், தமிழ்நாட்டில் 1967-ல் வந்த சட்டத் திருத்தம் அங்கீகரித்த சுயமரியாதைக் கல்யாணமானாலும் இதே கதைதான். அந்தப் பேப்பரை நம்பி இரண்டாம் தாலி ஏறியிருந்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. அதோடு போகாது, அது ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை தரக்கூடிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. ஆனால் குடும்பம் உடையும்போது முதலில் கறுப்புக் கோட்டைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. தலைவலி, தூக்கமின்மை, மாதவிலக்குக் கோளாறு, குழந்தை படுக்கையில் சிறுநீர் கழிக்கிறது என்றுதான் எங்களிடம் வருகிறார்கள். அதனால் ஒரு வைத்தியன் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்குக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

'பொறுத்துப் போம்மா' என்ற தப்பான மருந்து

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2003-ல் ஒரு பெண் வந்தாள். கையில் காயம். "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். கண்ணைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்தது. கட்டுப் போட்டுவிட்டு, "குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அனுப்பினேன். நாலு மாதம் கழித்து வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. செவிப்பறை கிழிந்திருந்தது.

அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

எங்கள் வைத்தியத்தில் ஒரு படிமுறை உண்டு. முதலில் வேரும் தழையும். அதற்குக் கேட்காவிட்டால்தான் பற்பம், செந்தூரம். அதற்கும் மிஞ்சினால் அறுவை. விவாகரத்து என்பது அறுவை. எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்குவதும் தப்பு. சீழ் பிடித்த பிறகும் பற்றுப் போட்டுக்கொண்டிருப்பதும் தப்பு. எது எந்த நிலைக்கு என்று பார்ப்போம்.

முதல் படி: பேச்சு

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகும் முன்னால் விவாகரத்து மனு போட முடியாது. தாங்க முடியாத கொடுமை என்றால் மட்டும் கோர்ட் விதிவிலக்கு கொடுக்கும். மாமியார் சமையலறை, சம்பளக் கவர், தனிக்குடித்தனம் என்று வருகிற சண்டைகளில் பல இந்தக் காலத்தில் பேசியே தீரக்கூடியவை. ஆனால் இரண்டு பக்கத்துச் சித்தப்பா, பெரியப்பாக்களை எதிரெதிரே உட்கார வைத்துப் பேசினால் தீராது. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு மனநல ஆலோசகர் வேண்டும்.

கோர்ட்டுக்கே போனாலும் முதல் வேலை சமரச முயற்சிதான். 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம் அதை நீதிபதியின் கடமை என்று சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-லிருந்து சமரச மையம் நடக்கிறது. சமரசம் என்றால் 'சேர்ந்து வாழ்' என்று கட்டாயப்படுத்துவது என்று பயப்பட வேண்டாம். மரியாதையாகப் பிரிவது எப்படி என்றும் அங்கே பேசி முடிக்கலாம்.

இரண்டாம் படி: பிரிந்து இருந்து பார்ப்பது

இப்படி ஒரு வழி இருப்பதே பல பேருக்குத் தெரியாது. சட்டப்படியான பிரிவு என்று பெயர். கல்யாணம் முறியாது; ஆனால் சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் நீங்கும். இரண்டு பேரும் வேறு கல்யாணம் செய்ய முடியாது. கோபம் ஆறுகிறதா என்று பார்க்க ஓர் அவகாசம். தீர்ப்புக்குப் பிறகு ஒரு வருஷம் ஆகியும் சேரவில்லை என்றால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம். உடைந்த எலும்பைக் கட்டி வைத்து அசையாமல் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பரஸ்பர சம்மதம்

"இனி முடியாது" என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டால் இதுதான் நோவு குறைந்த வழி. 1955-ஆம் வருஷச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்டது. முறை இதுதான்:

ஒரு வருஷமாவது கணவன் மனைவியாக வாழாமல் இருந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தாம்பத்தியம் இல்லாமல் தனித்தனியாக வாழ்ந்தால் அதுவும் கணக்குத்தான். இரண்டு பேரும் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும். அதிலிருந்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், மறுபடி வந்து "ஆமாம், சம்மதம்" என்று சொல்ல வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் ஒருவர் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

ஏற்கெனவே நீண்ட நாள் பிரிந்திருந்து, சமரசம் பலிக்காமல், நகை, பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றால் இந்த ஆறு மாதக் காத்திருப்பைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

ஒன்றே ஒன்று கவனிக்கவும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எதையும் விடாதீர்கள். சீதன நகை எத்தனை சவரன், எந்தத் தேதியில் திரும்ப வரும், குழந்தையின் ஃபீஸ் யார் கட்டுவது, லீவில் யார் வீட்டில் இருக்கும் என்பது வரை மனுவில் எழுதுங்கள். சீதனம் பெண்ணின் சொத்து. அது யாரும் போடும் பிச்சை இல்லை.

நான்காம் படி: வழக்கு

ஒருவர் சம்மதிக்காவிட்டால் காரணம் காட்டி வழக்குப் போட வேண்டும். கொடுமை, வேறு உறவு, இரண்டு வருஷமாகக் கைவிட்டுப் போனது, ஏழு வருஷமாக உயிரோடு இருக்கிறாரா என்றே தகவல் இல்லாதது போன்றவை காரணங்கள். சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருஷக்கணக்கில் இழுக்கும்.

இங்கே வைத்தியனாக இரண்டு வார்த்தை. தொழுநோய் ஒரு காலத்தில் விவாகரத்துக் காரணமாக இருந்தது. குணமாகிற நோய் என்பதால் 2019-ல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மனநோய் இன்னமும் காரணமாக இருக்கிறது. அதற்காக "மாத்திரை சாப்பிடுறா, பைத்தியம்" என்று கோர்ட்டில் போய் நிற்க முடியாது. கூட வாழவே முடியாத அளவுக்கு நோய் முற்றியிருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று 1988-லேயே சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, கூச்சப்பட்டு மறைக்கிற விஷயம். ஆண்மைக்குறைவைச் சொல்லாமல் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, பிறகு என்னிடம் லேகியம் கேட்டு வருகிற பெற்றோர் உண்டு. குணமாக்கக்கூடியவை பல உண்டு. கல்யாணத்துக்கு முன்பே வாருங்கள். தாம்பத்தியமே நடக்க முடியாத நிலை என்றால், அந்தக் கல்யாணத்தையே ரத்து செய்யக் கேட்கிற உரிமை மற்றவருக்கு இருக்கிறது. அதற்கு ஒரு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை.

அடி உதை இருந்தால்... படி கிடையாது!

ரத்தம் கொட்டுகிறவரிடம் "முதலில் கஷாயம் குடித்துப் பாருங்கள்" என்று யாராவது சொல்வார்களா? வீட்டில் வன்முறை இருந்தால் மேலே சொன்ன படிகளில் ஏறிக்கொண்டிருக்க வேண்டாம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, செலவுக்குப் பணம் எல்லாம் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது. 2003-ல் என்னிடம் வந்த அந்தப் பெண்ணுக்கு இந்தச் சட்டம் இல்லை. இன்று இருக்கிறது.

"வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையே" என்ற கவலையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று கோர்ட்டில் கேளுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். சம்பாத்தியம் இல்லாத கணவரும் இந்து திருமணச் சட்டத்தில் கேட்க முடியும்.

பிள்ளைகள்... மறந்துவிடாதீர்கள்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும். எந்த வயதானாலும் கோர்ட் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். தாய் தகப்பனின் ஜெயம் தோல்வி அங்கே கணக்கில் வராது.

நான் பார்த்த வரையில், குழந்தையை நோயாளியாக்குவது பிரிவைவிட அதற்கு முன்னும் பின்னும் நடக்கிற சண்டைதான். "அப்பாகிட்ட போய்ச் சொல்லு, ஃபீஸ் கட்டலைன்னு" என்று குழந்தையைத் தபால்காரராக்காதீர்கள். "உன்னால்தான் இவ்வளவும்" என்று ஒரு நாளும் சொல்லாதீர்கள். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்று வலி, தூக்கத்தில் அலறல், படுக்கையை நனைப்பது ஆகியவை தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களுக்குப் பத்தியம்

அறுவைக்குப் பிறகு பத்தியம் முக்கியம். வேளைக்குச் சாப்பாடு, சாயங்காலம் அரை மணி நடை, ஆறு மணிக்கு மேல் காபி வேண்டாம். இதற்கே பாதித் தூக்கம் வரும். கேட்டுக் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். சித்த மருந்தானாலும் நாடி பார்க்காமல் சாப்பிடாதீர்கள். "செத்துப் போயிடலாமா" என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள்.

இன்னும் ஒன்று. தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணம் கூடாது. எதிர்த்தரப்பு அப்பீல் செய்ய 90 நாள் அவகாசம் உண்டு; அது கழியட்டும்.

இவ்வளவும் பெரும்பாலும் இந்து திருமணச் சட்டப்படி சொன்னது. பதிவுத் திருமணத்துக்கு 1954-ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டம். பரஸ்பர சம்மதம் அதிலும் உண்டு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருஷச் சட்டம். 2001 திருத்தத்துக்குப் பிறகு அவர்களுக்கும் பரஸ்பர சம்மத வழி திறந்தது. முஸ்லிம் பெண்கள் 1939-ஆம் வருஷச் சட்டப்படி கோர்ட்டில் கேட்கலாம். குலா, முபாரத் வழிகளும் உண்டு. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது; 2019-ல் அது தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆனது.

சரி, அந்தத் தாயும் மகளும்?

அந்த ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னேன். போனார்கள். கணவரும் கௌரவமானவர்தான், அவருக்கும் அந்தப் பேப்பர் செல்லாது என்று தெரிந்திருக்கவில்லை. சமரசத்துக்கு உட்கார்ந்தார்கள். சேர முடியவில்லை. நகைகள் திரும்பி வந்தன. இரண்டு வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்ததால் ஆறு மாதக் காத்திருப்பைக் கோர்ட் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு கையில் வந்தது.

போன மாதம் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மருந்தை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. "இப்ப படுத்தா தூக்கம் வந்துடுது டாக்டர்" என்றாள். புதுச் சம்பந்தம் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது ஒரு பள்ளியில் வேலைக்குப் போகிறாளாம்.

மகளை வெளியே அனுப்பிவிட்டுத் தாயார் மறுபடியும் நாற்காலியை முன்னால் இழுத்தார். எனக்குக் கொஞ்சம் திக்கென்றது.

"டாக்டரய்யா, முழங்கால் வலிக்கு ஏதாச்சும் தைலம் இருக்கா?"

அதற்கு மருந்து இருந்தது. சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன்.