சர்ச் எதுக்கு? ஆள் சேர்க்கவா, ஆளை வளர்க்கவா?

ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் கொஞ்சம் நடந்து பாருங்கள். ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோவிலில் மணி அடிக்கும். மகா விகாரையில் வெள்ளை உடையில் ஆட்கள் வருவார்கள். சில நிமிட நடையில் லுத்தரன் சபையின் சீயோன் ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் சர்ச், கத்தோலிக்கர்களின் பாத்திமா மாதா கோவில் எல்லாம் இருக்கின்றன. எல்லா வாசலிலும் பட்டுப்புடவை, எல்லா வாசலிலும் பார்க்கிங் பிரச்சனை.

இப்போது உங்கள் வகுப்புத் தோழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: "எங்க சர்ச்ல யூத் கேம்ப் இருக்கு, வர்றியா?" வீட்டில் சொன்னால் அம்மா முகம் மாறுகிறது. "போகாத. மதம் மாத்திருவாங்க."

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த பலருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அம்மாவின் பயத்துக்கும் காரணம் உண்டு, தோழியின் அழைப்புக்கும் காரணம் உண்டு. சர்ச் என்பது எதற்காக இருக்கிறது என்று தெரிந்தால்தான் இரண்டும் புரியும்.

சர்ச்சே சொல்லும் பதில்

திருச்சபை என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்க மொழியின் 'எக்ளீசியா'. கட்டடம் என்று அதற்குப் பொருள் இல்லை, கூடி வந்தவர்கள் என்றுதான் பொருள். அந்தக் கூட்டத்துக்குப் பைபிள் இரண்டு வேலை தருகிறது. மத்தேயு எழுதிய நற்செய்தியின் கடைசிப் பகுதியில், உலகம் முழுக்கப் போய்ச் சீடர்களை உருவாக்கும்படி இயேசு அனுப்புகிறார். அப்போஸ்தலர் பணிகள் இரண்டாம் அதிகாரத்தில், முதல் விசுவாசிகள் போதனை, நட்புறவு, அப்பம் பகிர்தல், ஜெபம் என்று சேர்ந்து வாழ்ந்தது சொல்லப்படுகிறது. ஒன்று வெளியே போகும் வேலை, மற்றது உள்ளே வளரும் வேலை.

இதைப் பேசும் தமிழே சபைக்குச் சபை மாறும் என்பதால் புதிதாகப் போகிறவர் குழம்பிவிடுவார். புரோட்டஸ்டன்ட் சபைகளில் 'சுவிசேஷம்', கத்தோலிக்கர்களிடம் 'நற்செய்தி'. அங்கே 'ஞானஸ்நானம்', இங்கே 'திருமுழுக்கு'. அங்கே போதகர், இங்கே அருட்தந்தை. பைபிள் மொழிபெயர்ப்பும் வேறு. கத்தோலிக்கர்கள் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பைப் படிக்கிறார்கள். பல புரோட்டஸ்டன்ட் சபைகள் இன்னும் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழையே விடாமல் பிடித்திருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கே அதில் பாதி வார்த்தை தடுக்கும்.

சைக்கிளில் வந்த உபதேசியார்

தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் பிறந்தது. 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், தமிழ் கற்று, மொழிபெயர்த்து, 1715-இல் அதை அச்சிட்டு முடித்தார். அந்த வழியில் வந்த தமிழ் லுத்தரன் சபையின் கிளைதான் பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் ஆலயம். அதன் வரலாறு 1924-இல் தொடங்குகிறது. மெதடிஸ்ட் மிஷன் 1885-இல் சிங்கப்பூருக்கு வந்து, 1897-இல் கோலாலம்பூரில் ஆண்கள் பள்ளியைத் திறந்தது.

ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு மிஷனரிகள் புதிதல்ல. அவர்களின் ஊரிலேயே இந்த விவாதம் அனல் பறக்க நடந்திருந்தது. சைவத்தைக் காக்க 1848-இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கிய ஆறுமுக நாவலர், அதற்கு முன் மெதடிஸ்ட் மிஷனரி பீட்டர் பெர்சிவலுடன் பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். பள்ளி, அச்சகம், பிரசங்கம் என்று மிஷனரிகள் பயன்படுத்திய வழிகளையே அவர் சைவத்துக்காகப் பயன்படுத்தினார். ஆக, நற்செய்திப் பணியால் மதம் மாறியவர்களும் உண்டு, தன் மதத்தை ஆழமாகப் படிக்க ஆரம்பித்தவர்களும் உண்டு. மலேசியாவில் லா சால், மெதடிஸ்ட், கான்வென்ட் பள்ளிகளில் படித்துவிட்டு இந்துக்களாகவே வாழும் தாத்தா பாட்டிகளைக் கேட்டாலும் இது தெரியும்.

தோட்டங்களில் கதை வேறு. அங்கே சர்ச்சின் முகம் வெள்ளைக்காரப் பாதிரியார் அல்ல, உபதேசியார். பாதிரியார் எப்போதாவதுதான் வருவார். தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போய் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தருவது, நோயாளி வீட்டில் உட்காருவது, சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பது எல்லாம் உபதேசியார்தான். இயேசுவைப் பற்றிச் சொன்ன அதே ஆள், மறுவாரமும் வந்தார். சொன்னவரே கூடவும் இருந்ததால், ஆள் சேர்ப்பதும் வளர்ப்பதும் தனித்தனி வேலையாகத் தெரியவில்லை. என் பார்வையில், இன்றைய தமிழ் சபைகள் இழந்த பெரிய விஷயம் இதுதான்.

தோட்டங்கள் வீடமைப்பாக மாறின. சுபாங் ஜெயா நிற்பது பழைய சீஃபீல்ட் தோட்டத்தில். வேலையும் வீடும் போன குடும்பங்கள் கிள்ளான் போன்ற நகரங்களின் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். அங்கே உபதேசியார் இல்லை. அந்த இடைவெளியில்தான் கடைவீட்டு மாடிகளில் சிறிய தமிழ்ச் சபைகள் முளைத்தன. குடி, கடன், ரவுடிக் கும்பல், தனிமை என்று இருந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்தச் சபைகளின் ஆட்கள்தான். பெரிய சபைக்காரர்கள் கேட்க விரும்பாத உண்மை இது.

சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது?

அப்படிச் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. சுகமளிக்கும் கூட்டம் நடத்தி, கை தூக்கியவர்களை எண்ணி, போட்டோ போட்டால் கணக்கு நன்றாக இருக்கும். ஆறு மாதத்தில் பாதிப் பேர் இல்லையென்றால் அங்கே சீடர் யாரும் உருவாகவில்லை.

கத்தோலிக்க சபையில் பெரியவர் ஒருவர் சேர வேண்டுமானால் ஆர்சிஐஏ என்ற வகுப்பு உண்டு. வாராவாரம், சுமார் ஒரு வருடம். வழக்கமாக ஈஸ்டர் இரவில்தான் திருமுழுக்கு. நடுவில் மனம் மாறி விலகினாலும் தடை இல்லை. அவசரப்படுத்தாதது அதன் பலம்.

அதே சபை 1976-இல் இன்னொன்றும் செய்தது. தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் பினாங்கில் கூடி, சபை எப்படி மாற வேண்டும் என்று பேசினார்கள். அன்று கோலாலம்பூர் பேராயராக இருந்தவர் இலங்கைத் தமிழ் வம்சாவளியான டொமினிக் வெண்டர்கன். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழுக்களுக்கு அந்தக் கூட்டம் முக்கியத்துவம் தந்தது. தமிழ்நாட்டில் இதை அன்பியம் என்பார்கள், இங்கே பிஇசி என்றே வாயில் வரும். மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் செல் குரூப். பத்துப் பேர் ஒரு வரவேற்பறையில் உட்கார்ந்து, பைபிள் படித்து, யாருக்கு வேலை போச்சு, யாருக்கு டயாலிசிஸ் என்று கேட்டு, கடைசியில் டீ குடிப்பார்கள். ஆன்மிக வளர்ச்சி என்ற பெரிய வார்த்தை நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

வளர்ச்சிக்கு இன்னொரு தடை மொழி. கிள்ளானில் 1928-இல் கட்டிய லூர்து மாதா ஆலயம் போன்ற பங்குகளில் ஒரே கூரையின் கீழ் பல மொழிகளில் திருப்பலி நடக்கும். தாத்தா தமிழ்ப் பூசைக்கு, பேரன் ஆங்கிலப் பூசைக்கு. சில சபைகளில் தமிழ்ப் பாட்டு வரிகளை ரோமன் எழுத்தில் திரையில் போடுகிறார்கள். பாட முடியும், ஆனால் பிரசங்கம் புரியாது. தமிழ் ஆராதனை வயதானவர்களுடன் முடிந்துபோகுமா என்று போதகர்களே கவலைப்படுகிறார்கள். வெளியே போய் ஆள் தேடும் சபை, சொந்த வீட்டுப் பிள்ளைக்குப் புரியாத மொழியில் பேசினால் எப்படி?

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, இஸ்லாமியர்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. சிலாங்கூரில் அப்படி ஒரு சட்டம் 1988 முதல் இருக்கிறது. கிள்ளான் சிலாங்கூரில்தான் வருகிறது. அதனால் சபைகள் துண்டுப்பிரசுரம் கொடுப்பதில்கூட கவனமாக இருக்கின்றன.

இளையவர்களுக்கு முக்கியமானது 12-ஆவது பிரிவு. 18 வயதுக்குக் குறைந்தவரின் மதத்தைப் பெற்றோரோ காப்பாளரோதான் முடிவு செய்ய வேண்டும். இன்னொரு மதத்தின் போதனையிலோ சடங்கிலோ கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. எனவே பதினாறு வயதுப் பையனுக்குப் பெற்றோருக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுப்பது எந்தப் பொறுப்பான சபையும் செய்யக்கூடாத காரியம்.

அம்மாவின் பயம்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு. கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் இருக்கிறார்கள். தீபகற்பத்தில் இரண்டுமே சின்னச் சமூகங்கள். ஒரு குடும்பம் மாறினாலும் உறவு முழுக்கத் தெரியும்.

அம்மாவுக்கு இறையியல் கவலை குறைவு. "நாளைக்கு அப்பாவுக்கு யாரு கொள்ளி போடுவா? திதி யாரு குடுப்பா? தங்கச்சி கல்யாணத்துல நீ எங்க நிப்ப?" என்பதுதான் கவலை. தமிழ்க் குடும்பத்தில் மதம் என்பது சடங்கில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும்தான். இதில் சபைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் பொங்கல் திருப்பலியே நடக்கும். சில பெந்தெகொஸ்தே சபைகளில் பொட்டு, நகைகூட வேண்டாம் என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதமே வீட்டுப் படங்களைக் கழற்றச் சொல்லிச் சண்டை போட்டால், அவரை வழிநடத்தும் போதகரும் அதற்குப் பொறுப்பு. ஆன்மிக வளர்ச்சி என்றால் அம்மாவிடம் பேசும் முறையிலும் அது தெரிய வேண்டுமே?

சரி, கூப்பிட்டால் போகலாமா?

வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். மறைத்துப் போகச் சொல்லும் அழைப்பாக இருந்தால் அங்கேயே யோசியுங்கள். வேலை, பணம், சுகம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துக் கூப்பிட்டாலும் அப்படித்தான். காணிக்கைப் பை வந்தால் போட வேண்டிய கட்டாயம் இல்லை. கத்தோலிக்கப் பூசையில் நற்கருணை சபையில் முறையாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அந்த நேரம் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பெந்தெகொஸ்தே ஆராதனையில் சத்தம் அதிகமாக இருக்கும், பயப்பட வேண்டாம். கை தூக்கச் சொன்னாலோ முன்னால் வரச் சொன்னாலோ, "நான் பார்க்க வந்தேன் அண்ணா" என்று சொன்னால் போதும்.

முடிந்ததும் பின்பக்கம் டீயும் மீஹூனும் இருக்கும். மனதில் உள்ள கேள்வியைப் போதகரிடம் நேராகக் கேட்க அதுதான் நல்ல நேரம்.