திட்டியவர் கதை, திட்டு வாங்கியவர்கள் படம்

ஓர் ஆட்டத்தைப் பிசாசின் வலை என்று திட்டி ஒருவர் காமிக்ஸ் போடுகிறார். முப்பது வருடம் கழித்து, அந்த ஆட்டத்தையே உயிராக நினைப்பவர்கள் அவரிடம் முறைப்படி உரிமை வாங்கி, கைக்காசு போட்டு அதைப் படமாக எடுக்கிறார்கள். கதையை மாற்றவில்லை, எதிர்வாதம் ஒரு வரிகூட இல்லை. ஏன் இப்படிச் செய்தார்கள்? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டத்திலிருந்தே வருவோம்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் இருந்த கேரி கைகாக்ஸும், டேவ் ஆர்னசன் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். கையில் பென்சில், தாள், இருபது முகம் வரை உள்ள விதவிதமான பகடைகள். ஆட்டத்தை நடத்துபவர் கதை சொல்லிக்கொண்டே வருவார்: எதிரே ஒரு கதவு, உள்ளே ஏதோ உறுமுகிறது, திறக்கிறாயா, ஓடுகிறாயா? ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூசாரி. ஓங்கிய வாள் எதிரி மேல் விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். உங்கள் பாத்திரம் செத்துப்போனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. புதுத் தாள் எடுத்து, பகடை உருட்டி, வேறொரு பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவீர்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1979-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பதினாறு வயது மாணவன் ஒருவன் காணாமல் போனான். பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு அடியில் ஓடும் நீராவிச் சுரங்கங்களில் இந்த ஆட்டத்தை ஆடப்போய்த் தொலைந்திருக்கலாம் என்று தனியார் துப்பறிவாளர் ஒருவர் ஊகித்தார், பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பையன் உயிரோடு கிடைத்தான். அவனுடைய மனச்சோர்வுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று பிறகு தெரிந்தது. அடுத்த ஆண்டே அவன் தற்கொலை செய்துகொண்டான். ஆனால் கதை கிளம்பிவிட்டது. 1981-ல் அதன் சாயலில் ‘மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ என்ற நாவல், 1982-ல் அதே பெயரில் இளம் டாம் ஹாங்க்ஸ் நடித்த தொலைக்காட்சிப் படம். மகனைத் தற்கொலையில் பறிகொடுத்த ஒரு தாய், அதற்கு இந்த ஆட்டமே காரணம் என்று நம்பி 1983-ல் எதிர்ப்பு அமைப்பே தொடங்கினார். அந்தப் பீதி உச்சத்தில் இருந்த 1984-ல் வந்ததுதான் ஜாக் சிக்கின் ‘டார்க் டன்ஜன்ஸ்’.

சிக் கலிஃபோர்னியாக்காரர். உள்ளங்கையில் அடங்குகிற, இருபத்துச் சொச்சம் பக்கமுள்ள கைப்பிரதிகளை அச்சடித்து விற்றவர். வாங்குகிறவர்கள் அவற்றை இலவசமாகக் கொடுப்பார்கள். நம் ஊர் பஸ் நிலையங்களில் ஊழியக்காரர்கள் நீட்டுகிற கைப்பிரதியை நினைத்துக்கொள்ளுங்கள். அதை முழுக்கப் படக்கதையாகப் போட்டவர் அவர்.

கதை இதுதான். மிஸ் ஃபிராஸ்ட் என்ற பெண் ஆட்டத்தை நடத்துகிறாள். மார்சி என்ற பெண்ணின் பாத்திரமான பிளாக் லீஃப், பொறியில் சிக்கிச் சாகிறது. உடனே மார்சியை மேஜையை விட்டே விரட்டிவிடுகிறார்கள். தோழி டெபியின் பாத்திரம், எல்ஃப்ஸ்டார் என்ற பூசாரி, ஆட்டத்தில் எட்டாம் நிலையை எட்டிவிட்டதால் நிஜ மந்திரம் கற்கத் தகுதி வந்துவிட்டதாம்! சூனியக்காரிகள் கூட்டத்தில் டெபியைச் சேர்க்கிறார்கள். கற்ற மந்திரத்தை அவள் முதலில் யார் மேல் ஏவுகிறாள் என்று நினைக்கிறீர்கள்? பெற்ற அப்பா மேல். எதற்கு? ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார் என்று. மந்திரம் பலித்து, அவரே இருநூறு டாலருக்குப் புதுப் பொம்மைகளும் விதிப் புத்தகங்களும் வாங்கித் தருகிறார். மார்சி ஒரு மாதிரியாகப் பேசினாள் என்று அம்மா வந்து சொல்லும்போது, ஸோம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லித் தட்டிக்கழிக்கிறாள். மார்சி தற்கொலை செய்துகொள்கிறாள். பிறகு டெபி ஒரு கிறிஸ்தவக் கூட்டத்துக்குப் போகிறாள், இரட்சிக்கப்படுகிறாள், புத்தகங்களை எரிக்கிறாள். அப்போஸ்தலர் நடபடிகளில் எபேசு நகரத்து மாயவித்தைக்காரர்கள் செய்த அதே காரியம்.

இப்போது ஆடுகிறவர்களின் இடத்திலிருந்து இதைப் படியுங்கள். பாத்திரம் செத்தால் ஆளை விரட்டுகிற மேஜையை அவர்கள் கண்டதே இல்லை. எட்டாம் நிலை வரை வந்தவர்கள் ஏராளம். அப்பாவின் பர்ஸைத் திறக்கிற மந்திரம் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதனால் பயமுறுத்த வந்த பிரதியை ரசித்துப் படித்தார்கள், பிளாக் லீஃபின் சாவை மேஜையில் நகைச்சுவையாக்கினார்கள்.

அப்படி ரசித்தவர்களில் ஒருவர் ஜே.ஆர். ரால்ஸ். லாட்டரியில் அவருக்கு ஆயிரம் டாலர் விழுந்தது. நாமாக இருந்தால் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கியிருப்போம். அவர் சிக்குக்கு எழுதிப் பட உரிமை கேட்டார். சிக் காசே வாங்காமல் கொடுத்துவிட்டார். கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் ரசிகர்களிடம் பணம் திரட்டி, ‘ஸோம்பி ஆர்ஃபியஸ்’ நிறுவனம் தயாரிக்க, கேப்ரியல் கோண்டா இயக்கி, சுமார் நாற்பது நிமிடப் படமாக 2014 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸின் ‘ஜென் கான்’ விழாவில் திரையிட்டார்கள். கைகாக்ஸ் 1968-ல் லேக் ஜெனீவாவில் தொடங்கிய அதே விளையாட்டு விழாதான். திட்டு வாங்கியவர்களின் கோட்டையிலேயே முதல் காட்சி!

உரிமை எதற்கு, பகடி என்று சொல்லி எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். பகடிக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஓரளவு இடம் உண்டுதான். ஆனால் முழுக் கதையையும் வசனத்தையும் அப்படியே எடுத்தாள்வதற்கு உரிமை வாங்குவதே பத்திரம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: திரித்துவிட்டார்கள் என்று யாரும் வாய் திறக்க முடியாது. நக்கலடித்து எடுத்திருந்தால், அது ரசிகர்களின் கோபம் என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்.

படம் செய்கிற காரியம், சிக் சொன்னதை அட்சரம் பிசகாமல் நம்புவது. இந்த ஆட்டத்தில் அவ்வளவு சக்தி இருந்தால் உலகம் எப்படி இருக்கும்? ஆடுகிறவர்கள்தான் கல்லூரியின் ராஜாக்களாக இருப்பார்கள். படத்தில் அப்படித்தான் இருக்கிறார்கள்: ஆட்டபாட்டம், கும்மாளம், அவர்களோடு சேரத் துடிக்கும் கூட்டம். நிஜத்தில் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் யாரும் சீண்டாத கூச்சப் பிள்ளைகள். நடிகர்கள் ஒருவரும் பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. கோயில் நாடகம் போலப் பயபக்தியோடு நடிக்கிறார்கள். அதனால்தான் சிரிப்பு வருகிறது.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு நெருடல். மார்சியின் சாவு, மைக்கோடுகளில் பார்க்கும்போது வேறு; முகமும் குரலும் உள்ள ஒரு பெண் நடிக்கும்போது வேறு. இந்தப் பீதிக்குப் பின்னால் பிள்ளையைப் பறிகொடுத்த நிஜப் பெற்றோர் இருந்தார்கள். அங்கே என்னால் சிரிக்க முடியவில்லை. நாற்பது நிமிடமும் கொஞ்சம் அதிகம்தான், முப்பதில் முடித்திருக்கலாம்.

சிக் 2016-ல், 92 வயதில் காலமானார். ஏன் இலவசமாகக் கொடுத்தார்? கதை மாறாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது அவர் கணக்காக இருந்திருக்கலாம். மாறாமல்தான் போய்ச் சேர்ந்தது. பார்ப்பதாக இருந்தால் முதலில் கைப்பிரதியைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போங்கள். படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. படிக்காமல் போனால், படத்தில் பாதி வேடிக்கை பிடிபடாது.